பள்ளிப் பிள்ளைக்கு ஒரு கணினி: சிக்கனமாக, ஏமாறாமல் வாங்கிக் கொடுக்க முழு வழிகாட்டி

2025 மே மாதம். கல்லிடைக்குறிச்சியில் என் அக்காள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அக்காள் மகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். பதினொன்றில் கணினி அறிவியல் எடுக்கப் போகிறாள். என் அம்மா, அதாவது அவளுக்கு ஆச்சி, உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்து என் கையில் வைத்தார். அப்பளம் இட்டுச் சேர்த்த பணம், 12,000 ரூபாய். "மீதியை நீ போடு. தாய்மாமன் சீர் என்று வைத்துக்கொள். நல்லதாகப் பார்த்து வாங்கு" என்றார்.

அந்தப் பணத்தை எண்ணியபோது எனக்குப் பயமாக இருந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தம்பி மகனுக்குப் பளபளப்பான பெட்டியோடு புதிய லேப்டாப் ஒன்றை அவசரத்தில் வாங்கிக் கொடுத்தேன். ஆறே மாதத்தில் அது நகர மறுத்தது. சேமிப்பிடம் நிறைந்து, அப்டேட்டுக்கு இடமில்லாமல், ராமை (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) கூட்டவும் வழியில்லாமல், இன்று அலமாரியில் கிடக்கிறது. ஆகவே இந்த முறை ஒரு மாதம் அலைந்து, கேட்டு, பார்த்து வாங்கினேன். அந்த அலைச்சலில் கற்றதை, நெல்லைப் பக்கத்தில் இதே யோசனையில் இருப்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: பிள்ளையிடம் கேளுங்கள்

திடீரென்று கொண்டுபோய்க் கொடுத்து ஆச்சரியப்படுத்தும் ஆசை எல்லோருக்கும் உண்டு. கணினி விஷயத்தில் அதை விட்டுவிடுங்கள். சேலை நிறம் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம்; கணினியில் தவறிவிட்டால் நான்கைந்து ஆண்டுகள் அதோடுதான் இருக்க வேண்டும்.

பள்ளிக்கு என்ன தேவை என்பது எளிது. தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ என்ற நிரல்மொழி வருகிறது, பன்னிரண்டில் பைத்தான் என்ற நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளும். கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர்களுக்கு இணையப் பக்கம் செய்ய உதவும் எச்டிஎம்எல், பிஎச்பி. சிபிஎஸ்இ பிள்ளைகளுக்குப் பைத்தான். இவை எதற்குமே விலையுயர்ந்த இயந்திரம் வேண்டாம். எட்டு ஆண்டுகள் பழைய கணினியில்கூட நன்றாக ஓடும்.

பாடத்துக்கு வெளியே பிள்ளை என்ன செய்ய ஆசைப்படுகிறது என்பதில்தான் தேர்வு மாறுகிறது. சிறிய, எடை குறைந்த ஒன்றைத்தான் நான் மனத்தில் வைத்திருந்தேன். கேட்டபோது அவள் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். பக்கத்தின் ஓரத்தில் ஒரு காக்கை. ஒவ்வொரு தாளிலும் சிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகிறது. கட்டை விரலால் தாள்களைச் சரசரவென்று விட்டாள், காக்கை பறந்தது. "மாமா, இதைக் கணினியில் செய்ய வேண்டும்" என்றாள். அந்த நொடியில் என் பட்டியல் மாறிவிட்டது. நிறம் சரியாகத் தெரியும் திரையும், கூடுதல் ராமும் வேண்டும். எடை குறைவு என்பது தேவையே இல்லை.

விளையாட்டு ஆசையையும் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு கேட்கும் பெரிய விளையாட்டுகள் இந்தச் செலவில் ஓடாது; மைன்கிராஃப்ட் போன்றவை ஓடும். இதை வாங்கும் முன்பே பேசித் தீர்ப்பது நல்லது.

படி 2: வீட்டில் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள்

2011 முதல் சில ஆண்டுகள் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் பல வீடுகளில் அண்ணனோ சித்தப்பாவோ வாங்கிய அந்த லேப்டாப் பரணில் தூங்குகிறது. தூசி தட்டி இயக்கிப் பாருங்கள். மெதுவாக இருந்தாலும் இயங்குகிறது என்றால், உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஓர் எஸ்எஸ்டியை (சுழலும் பாகமில்லாத, வேகமான சேமிப்பகம்) போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால் பைத்தான் கற்கவும் கட்டுரை எழுதவும் தாராளமாகப் போதும். ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு இதுவே நல்ல தொடக்கம். லினக்ஸ் என்றதும் தயங்க வேண்டாம். பதினொன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலேயே லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு வருகிறது.

கல்லூரிக்குப் போகும் பிள்ளை என்றால் இன்னொன்றையும் விசாரியுங்கள். 2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது கைக்கணினி என்று அறிவித்தார்கள். உங்கள் பிள்ளையின் கல்லூரி அதில் வருகிறதா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 3: லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா

மின்சாரம் அடிக்கடி போகும் ஊர் என்றால் லேப்டாப். விடுதியில் தங்கப் போகும் பிள்ளைக்கும் அதுதான். வீட்டில் ஒரு மூலையில் நிரந்தரமாக வைக்க இடம் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் பகிர்ந்துகொள்வார்கள் என்றால் டெஸ்க்டாப்பில் அதே பணத்துக்குக் கூடுதல் வேகமும் பெரிய திரையும் கிடைக்கும். ஆனால் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், கேமரா, ஸ்பீக்கர், வைஃபை அடாப்டர், யூபிஎஸ் எல்லாவற்றையும் கூட்டி விலை பாருங்கள். 600 விஏ யூபிஎஸ், வேலையைச் சேமித்துவிட்டு அணைக்கும் அளவு நேரம் தரும்.

அலுவலகங்களிலிருந்து வரும் சிறு பெட்டி டெஸ்க்டாப்களில் ஒரு குறை உண்டு. பவர் சப்ளை அந்த நிறுவனத்துக்கென்றே தனி அளவில் இருக்கும். பிற்பாடு பெரிய கிராபிக்ஸ் கார்டு போட இடமும் இருக்காது.

படி 4: பெட்டியில் எழுதியிருக்கும் எண்களைப் படியுங்கள்

எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான்.

கணினியின் மூளையான பிராசஸரைப் பற்றிக் கேட்டால், கடையில் "ஐ7 இருக்கிறது அண்ணாச்சி" என்பார்கள். அந்த ஏழு மட்டும் ஒன்றும் சொல்லாது. அடுத்து வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. ஐ7-4600யு என்றால் நான்காம் தலைமுறை, 2013இல் வந்தது, இரண்டு கோர் (பிராசஸருக்குள் வேலை செய்யும் பகுதி). ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை, 2017இல் வந்தது, நான்கு கோர். பெயரில் சின்னதான ஐ5தான் இங்கே வேகமானது. கோட்டுக்குப் பின்னால் 8 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 10, 11, 12 என்று இரட்டை எண்ணிலும் தொடங்கும். அவை இன்னும் புதியவை.

எட்டு என்று நான் கோடு போடுவதற்குக் காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, சில விதிவிலக்குகள் தவிர, ஐ5, ஐ7 செய்யும் இன்டெல் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏற்றுக்கொள்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. அதனால்தான் ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரங்கள் சந்தையில் மலிவாகக் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுக்கும் கடைகளும் உண்டு. லினக்ஸ் மட்டும் போதும் என்றால் அவற்றை வாங்கலாம், இல்லையென்றால் வேண்டாம்.

பிராசஸர் செய்யும் மற்றொரு நிறுவனமான ஏஎம்டியில் இன்னொரு சிக்கல். ரைசன் 5 7520யு என்ற எண்ணைப் பார்த்தால் புத்தம் புதியது என்று தோன்றும். மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் கட்டமைப்பைச் சொல்கிறது; அங்கே இருப்பது 2, அதாவது 2019இல் வந்த ஜென் 2. ராமும் மதர்போர்டிலேயே பற்றவைத்து வரும். படிக்கும் பிள்ளைக்கு அது போதாது என்று சொல்லமாட்டேன், ஆனால் 8 ஜிபியில் வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

ராம் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. 16 இருந்தால் நிம்மதி. 2025 பிற்பகுதியிலிருந்து உலகமெங்கும் ராம் விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதுதான் காரணம். ஆகவே பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாமல், வாங்கும்போதே 16 ஜிபி உள்ளதற்கு விலை பேசுங்கள். ராம் செருகக் காலியாக ஒரு ஸ்லாட் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சேமிப்பிடம் 256 ஜிபி எஸ்எஸ்டி. "64 ஜிபி இஎம்எம்சி" (எஸ்எஸ்டியைவிட மெதுவான சேமிப்புச் சில்லு) என்று எழுதியிருந்தால் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். புதிய லேப்டாப்களில் மிக மலிவானவற்றில் இதுதான் இருக்கும். விண்டோஸே பாதியை விழுங்கிவிடும். தம்பி மகனுக்கு நான் வாங்கியது இந்த வகைதான். நான்கு ஜிபி ராமும் இஎம்எம்சியும் சேர்ந்தால் அதைப் பரிசாகக் கொடுப்பதைவிடப் பணத்தைக் கையில் கொடுக்கலாம்.

திரை 1920க்கு 1080 புள்ளிகள். பழைய அலுவலக லேப்டாப்களில் 1366க்கு 768 திரை ஏராளம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் பார்த்த கடையில் ஒரே மாடலில் இரண்டு இருந்தன, 800 ரூபாய்தான் வித்தியாசம். ஒன்றில், கொஞ்சம் சாய்ந்து நின்று பார்த்தால் மஞ்சள் சாம்பலாகவும் முகங்கள் நெகட்டிவ் படம் போலவும் மாறின. மற்றொன்று எங்கிருந்து பார்த்தாலும் அப்படியே இருந்தது. காக்கை வரையும் பிள்ளைக்கு எது என்று யோசிக்கவே இல்லை.

படி 5: புதியதா, பயன்படுத்தியதா

என் தீர்மானமான கருத்து: 25,000 ரூபாய்க்குள் என்றால் நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த வணிக வகை லேப்டாப்தான் சரி. பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு நூற்றுக்கணக்கில் விற்கின்றன. கடைக்காரர்கள் துடைத்து, பழுது நீக்கி விற்கிறார்கள். லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490, 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 ஆகியவை இந்த வகை. எல்லாவற்றிலும் எட்டாம் தலைமுறை பிராசஸர் கிடைக்கும், இரண்டு ராம் ஸ்லாட் உண்டு, உதிரிப் பாகமும் எளிதில் கிடைக்கும். இந்த மாடல்களில் ஏழாம் தலைமுறையும் வரக்கூடும் என்பதால் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கீபோர்டு, தினமும் எட்டு மணி நேரம் தட்டுவதற்கென்றே செய்தது போல உறுதியாக இருக்கும்.

40,000 ரூபாய் தாண்டினால் புதியதைப் பார்க்கலாம். அப்போது அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் திருநெல்வேலியில் இருக்கிறதா, வீட்டுக்கே வந்து பழுது பார்ப்பார்களா என்று அவர்கள் இணையதளத்தில் ஊர்ப் பெயர் போட்டுத் தேடுங்கள். ஒவ்வொரு முறையும் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போகும் நிலை வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்றாலும் செயலாக்கக் கட்டணமும், வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் சேரலாம்; மொத்தமாக எவ்வளவு என்று கேளுங்கள்.

இடைப்பட்ட 25,000 முதல் 40,000 வரை? பதினொன்றாம், பன்னிரண்டாம் தலைமுறைப் பழைய வணிக லேப்டாப்பைத்தான் நான் எடுப்பேன்.

எங்கே வாங்குவது? சென்னை ரிச்சி தெருவில் மலிவு என்று நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிப் போகிறவர்கள் உண்டு. ஆயிரம், இரண்டாயிரம் குறையலாம். ஆனால் சார்ஜர் பழுதானால் மறுபடியும் ஓர் இரவுப் பயணம். ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டைப் பக்கம் நாலு கடை ஏறி இறங்குங்கள். மறுநாள் போய் முகத்தைப் பார்த்துக் கேட்கக்கூடிய தூரத்தில் கடை இருப்பது, எழுத்தில் தரும் உத்தரவாதத்துக்குச் சமம்.

படி 6: கடையில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள்

பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில், கூட்டம் இல்லாத நேரத்தில். கையில் ஒரு பென் டிரைவ், ஹெட்போன், ஹாட்ஸ்பாட்டுக்கு உங்கள் போன்.

முதலில் அணைந்திருக்கும்போதே பாருங்கள். மூடியை ஒரு கையால் மெல்லத் திறங்கள். கீல் கறகறவென்றாலோ, ஒரு பக்கம் தூக்கினாலோ வேண்டாம். அடிப்பக்கம் எல்லாத் திருகும் இருக்கிறதா? மேசையில் தட்டையாக உட்காருகிறதா? ஆடினால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம்.

பிறகு இயக்குங்கள். நிறுவனத்தைப் பொறுத்து எஃப்1, எஃப்2 அல்லது எஃப்10 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புப் பக்கம்) போகச் சொல்லுங்கள். கடவுச்சொல் கேட்டால், அதைக் கடைக்காரரே நீக்கித் தந்தால் ஒழிய அந்த இயந்திரம் வேண்டாம். அடுத்து விண்டோஸை ரீசெட் செய்து, உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து முதல் அமைப்பைத் தொடங்கச் சொல்லுங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து அலுவலக மின்னஞ்சல் கேட்டால், அது இன்னும் பழைய உரிமையாளரின் பிடியில் இருக்கிறது என்று பொருள். பின்னாளில் எப்போது வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளும். இந்த ஒரு சோதனைக்கு அரை மணி நேரம் ஆகும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் விடாதீர்கள்.

விண்டோஸ் உரிமத்தின் நிலையைக் காட்டும் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் நல்லது. நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை வழியாக இயக்கப்பட்டது என்று இருந்தால், பெரும்பாலும் திருட்டு முறையில் ஏற்றியது.

பேட்டரி அறிக்கை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அதற்குக் கட்டளை உண்டு. அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது, பிறந்தபோது இருந்த கொள்ளளவு. இரண்டாவது, இன்று மிச்சம் இருப்பது. நான் பார்த்த ஒன்றில் 50,000க்கு 21,000தான் இருந்தது. பாதிக்கும் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரி போட்டுத் தரச் சொல்லுங்கள், அல்லது அந்த விலையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

மற்றதெல்லாம் பிள்ளையின் கையில் விடுங்கள். எங்கள் பெண் நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு விசையாக அழுத்தினாள். கேமராவில் தன் முகம் பார்த்தாள், ஹெட்போனில் பாட்டுக் கேட்டாள், எல்லா யூஎஸ்பி துளையிலும் பென் டிரைவைச் செருகினாள். கீழ்நோக்கு அம்பு விசை இரண்டு முறை அழுத்தினால் ஒரு முறைதான் எழுதுகிறது என்று கண்டுபிடித்தவள் அவள்தான். அங்கேயே கீபோர்டை மாற்றிக் கொடுத்தார்கள்.

கடைசியாக, திரையை வெள்ளையாக வைத்து ஒரு முறை, கறுப்பாக வைத்து ஒரு முறை பாருங்கள். புள்ளிகள், கறைகள் தெரிந்துவிடும்.

படி 7: பில்

ஜிஎஸ்டி எண்ணுடன், இயந்திரத்தின் சீரியல் எண் எழுதிய பில் வேண்டும். எத்தனை மாத உத்தரவாதம், எந்தெந்தப் பாகத்துக்கு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனியாகக் கேளுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் எழுந்துவிடுங்கள். அது யாரிடமிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. இணையத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை முழுவதுமாக வீடியோ எடுங்கள்.

நான் கொடுத்தது 22,500 ரூபாய்: டி480, 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, நல்ல திரை, ஆறு மாத உத்தரவாதம்.

படி 8: வீட்டில் வைப்பது

ஊருக்குக் கொண்டுபோகும் முன் பாளையங்கோட்டையில் என் வீட்டு ஃபைபர் இணைப்பில் எல்லா அப்டேட்டையும் முடித்தேன். அவர்கள் வீட்டில் போன் ஹாட்ஸ்பாட் மட்டும்தான். ஒரு நாள் டேட்டாவை விண்டோஸ் அப்டேட் ஒரே மூச்சில் குடித்துவிடும். ஹாட்ஸ்பாட்டை "மீட்டர்டு கனெக்ஷன்" என்று குறித்துவிட்டால் பெரிய அப்டேட்டுகள் தானாக இறங்காது. மாதம் ஒருமுறை ஃபைபர் இருக்கும் வீட்டுக்கு எடுத்துப்போய் முடித்துக்கொள்ளலாம்.

கட்டணம் செலுத்தி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. எழுத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆபிஸ், பைத்தான் எழுதத் தானி (Thonny) என்ற மென்பொருள், வரைவதற்குக் கிரிட்டா. அதிலேயே அசைபடமும் செய்யலாம். முப்பரிமாணத்துக்குப் பிளெண்டர். எல்லாம் இலவசம், சட்டப்படியானவை. மொழி அமைப்பில் தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுங்கள். 1999இல் தமிழக அரசு தரப்படுத்தியது. ஒரு வாரம் பழகினால் பிள்ளை தமிழில் வேகமாகத் தட்டும்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். கட்டில் மெத்தையில் வைத்தால் காற்றுத் துளை அடைபட்டு, நம் ஊர் மே மாத வெயிலுக்குக் கொதித்துவிடும். வள்ளியூர், பணகுடிப் பக்கம் ஆனி, ஆடிக் காற்று தூசியை வாரிக் கொண்டுவரும். ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள், ஆண்டுக்கொரு முறை விசிறியைச் சுத்தம் செய்யுங்கள். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் பயன்படுத்தாத நேரம் பைக்குள் வைப்பது நல்லது. உப்புக் காற்று உலோக முனைகளை அரிக்கும். தரையில் எதையும் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளம் வந்த வேகத்தை நாம் பார்த்தோம். பிள்ளையின் கோப்புகளை ஒரு பென் டிரைவிலும் பிரதி எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். உலோக உடலைத் தொட்டால் சுருக்கென்றால் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். பழைய வீடுகளில் இது சாதாரணம். இடி இடிக்கும் மாலைகளில் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

கணக்கு பிள்ளையின் பெயரிலேயே இருக்கட்டும், கடவுச்சொல்லைப் பிள்ளையே வைக்கட்டும். முதல் நாளே உட்கார்ந்து பேசுங்கள்: ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது, தெரியாத நிரலை நிறுவக் கூடாது, பணம் போய்விட்டால் பயந்து ஒளிக்காமல் உடனே வீட்டில் சொல்லி 1930க்கு (இணைய மோசடிப் புகார் எண்) அழைக்க வேண்டும். திட்ட மாட்டோம் என்ற உறுதியையும் அதே பேச்சில் கொடுங்கள். அது இல்லையென்றால் பிள்ளை சொல்லாது. வீட்டின் நடுக்கூடத்தில் மேசை போட்டால், கண்காணிக்கிறோம் என்ற எண்ணம் வராமலே எல்லோரும் பக்கத்தில் இருக்கலாம். அக்காள் வீட்டில் ஆச்சி அப்பளம் இடும் பலகைக்கு எதிரே அந்த மேசை இருக்கிறது. முதல் வாரமே சிறகடிக்கும் காக்கை திரைக்கு வந்துவிட்டது. மாவு படிந்த கையை முந்தானையில் துடைத்துவிட்டு எழுந்து வந்து, அதை மூன்று முறை ஓட்டச் சொல்லிப் பார்த்தார்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. கடை உத்தரவாதம் முடியும் நாளுக்குப் பத்து நாள் முன்னதாகத் தினசரி நாள்காட்டியில் ஒரு தாளின் மூலையை மடித்து வையுங்கள். அன்று படி 6இல் சொன்ன சோதனைகள் அனைத்தையும் மறுபடி செய்யுங்கள்: பேட்டரி எண், விசைகள், யூஎஸ்பி துளைகள், சார்ஜர் முனை தளர்ந்திருக்கிறதா என்பதெல்லாம். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால், பில்லை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கடைக்குக் கிளம்பிவிடுங்கள்.